அண்ணனுக்கு ஒரு கார்டு, தம்பிக்கு ஒரு கார்டு

முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். அடுத்தடுத்து இரண்டு வீடுகள், நடுவில் ஒரு முருங்கை மரம். மரம் யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு இன்னும் தீரவில்லை. ஒரு வீட்டில் அண்ணன். பட்டாளத்தில் 24 வருஷம் இருந்துவிட்டு 2018-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மற்ற வீட்டில் தம்பி. திருநெல்வேலி டவுணில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. 2023-இல் அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. மறு வருஷம் தம்பிக்கு. இவர்களுடைய அப்பா 56 வயதில் வயல் வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. அதனால் இரண்டாவது முறை செய்தி வந்தபோது ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே நோய், வயதில் 3 வருஷம்தான் வித்தியாசம். ஒருவரிடம் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். கார்டு. இன்னொருவருக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி அமையாது. இரண்டு பேருக்கும் மனு, பாரம் எல்லாம் எழுதிக் கொடுத்தது நான். நானும் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து வந்தவன். பாளையங்கோட்டையில் வீடு. காலையில் கதவைத் திறந்தால் யாராவது ஒருவர் பிளாஸ்டிக் உறையில் டிஸ்சார்ஜ் புக்கோடு நிற்பார். இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அண்ணன்

மாரடைப்பு வந்தது 2023-இல் என்றாலும் கதை 2013-இல் தொடங்குகிறது. பட்டாளத்தில் வருஷத்துக்கு ஒரு முறை மெடிக்கல் உண்டு. நன்றாக இருக்கிறேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த வருஷப் பரிசோதனையில் அவருக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. மறுநாளும் அளந்தார்கள், மூன்றாம் நாளும் அளந்தார்கள். பிறகு மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, கேட்டகரியை இறக்கிவிட்டார்கள். எங்கள் பேச்சில் 'பி-2 ஆகிவிட்டான்' என்போம். ஆளுடைய உடல்நிலையை ஐந்து எழுத்துகளில் பிரித்து எண் போடும் முறை அது. எல்லாவற்றிலும் 1 வாங்கினால் முழு ஆரோக்கியம். 2 விழுந்தால் பதவி உயர்விலும் போஸ்டிங்கிலும் கேள்வி வரும்.

அவருக்கு அது அவமானமாக இருந்தது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஆனால் மாத்திரையை விட முடியாது. எம்.ஐ. ரூம் என்கிற யூனிட்டின் மருத்துவ அறையில் மாத்திரை வாங்கியது பதிவாகும், குறித்த நாளில் ரிவ்யூவுக்குப் போகாவிட்டால் சுபேதார் கூப்பிட்டுக் கேட்பார். 5 வருஷம் அப்படி ஓடியது. அழுத்தம் கட்டுக்குள் இருந்தது.

அதே காலத்தில் அவர் குடும்பம் ஊரில்தான். குடும்பத்துக்கும் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் பார்க்கும் உரிமை உண்டு. ஆனால் திருநெல்வேலிச் சீமையில் அப்படி ஓர் ஆஸ்பத்திரி கிடையாது. விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது, அது நீர்மூழ்கிகளோடு பேசும் வானொலி நிலையம். நமக்குக் கிட்டத்தில் உள்ள ராணுவ ஆஸ்பத்திரி திருவனந்தபுரம் பாங்கோட்டில், மலைக்கு அந்தப் பக்கம். பேறுகாலத்துக்கு அங்கே யார் போவார்கள்? அவர் மனைவிக்கு இரண்டு பிரசவமும் அம்பாசமுத்திரத்தில் கைக்காசில்தான் நடந்தது. 'பட்டாளத்தான் குடும்பத்துக்கு எல்லாம் ஓசி' என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது.

ஓய்வு பெறும்போது இ.சி.எச்.எஸ். திட்டத்துக்காக 30,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். 2017 டிசம்பர் கடைசியில் வந்த உத்தரவுப்படி ஹவில்தார் வரைக்கும் அந்தத் தொகை. சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. வாழ்நாளில் ஒரே முறை கட்டினால் போதும். திட்டம் தொடங்கியது 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி. அதற்குப் பிறகு பென்ஷனோடு வெளியே வருகிறவர்கள் கட்டாயம் சேர வேண்டும். 1996-க்கு முன்பு ஓய்வு பெற்ற பெரியவர்களுக்குக் கட்டணமே கிடையாது. கணவன், மனைவி, சம்பாதிக்காத பிள்ளைகள், வருமான வரம்புக்குள் இருக்கும் தாய் தகப்பன் எல்லோரும் இதற்குள் அடக்கம். இவர்களுடைய அம்மா சாப்பிடுவது தம்பி வீட்டில், கண் ஆபரேஷன் செய்துகொண்டது அண்ணன் கார்டில்.

ஊருக்கு வந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். மாத்திரைக்கு இ.சி.எச்.எஸ். நடத்தும் பாலிகிளினிக் போக வேண்டும். கிராமத்திலிருந்து இரண்டு பஸ். போனால் ஒரு நாள் முழுக்கப் போகும். முதல் வருஷம் ஒழுங்காகப் போனார். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. கொரோனா ஊரடங்கில் நின்றது நின்றதுதான். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, வயலுக்குப் போகிறார், பம்புசெட்டில் குளிக்கிறார். கூப்பிட்டுக் கேட்க சுபேதாரும் இல்லை. மூன்று வருஷம் ஒரு மாத்திரையும் போடவில்லை. கார்டு பத்திரமாக பீரோவில் இருந்தது.

2023 செப்டம்பரில் ஒரு நாள் விடியற்காலை 4 மணிக்கு நெஞ்சில் வலி, உடம்பெல்லாம் வேர்வை. 108-இல் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டு போனார்கள். சாதாரண நாளில் என்றால் பாலிகிளினிக் டாக்டர் பார்த்து ரெஃபரல் எழுதித் தந்தால்தான் திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். உயிருக்கு ஆபத்து என்றால் ரெஃபரல் தேவையில்லை. நேரே சேரலாம், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியாக இருந்தால் தகவலை அவர்களே அனுப்பிவிடுவார்கள்.

அன்று சேர்த்த ஆஸ்பத்திரியும் திட்டத்தில் உள்ளதுதான். இருந்தும் கவுண்டரில் இருந்த பையன் 20,000 கட்டச் சொன்னான். 'கார்டு காலையில்தான் வெரிஃபை ஆகும், அட்வான்ஸ் கட்டிட்டு அப்புறம் வாங்கிக்கிடுங்க.' ஒப்பந்தப்படி இப்படி வாங்கக் கூடாது. மைனி, அதாவது அண்ணன் மனைவி, எனக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, நம்ம கார்டுதான் இருக்குல்லா, பொறவு என்னத்துக்கு ரூவா கேக்காவ?"

நான் கவுண்டரில் பேசினேன். அவன் மேனேஜர் என்றான், மேனேஜர் எட்டு மணிக்கு வருவார் என்றான். அந்த நேரத்தில் சட்டம் பேசிக்கொண்டிருக்க முடியுமா? கட்டினார்கள். பணம் திரும்பி வர 5 வாரம் ஆனது. சிகிச்சையில் குறையே இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ எடுத்து இரண்டு ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். நான்கு நாளில் வீடு.

அந்தப் பையன் அப்படிக் கேட்டதற்கும் ஒரு காரணம் உண்டு, நியாயம் என்று சொல்ல மாட்டேன். இ.சி.எச்.எஸ். நோயாளிக்கு ஆஸ்பத்திரி தன் இஷ்டத்துக்குப் பில் போட முடியாது. மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் விலைதான். அந்த விலைப்பட்டியலில் பெரும்பகுதி பத்து வருஷத்துக்கு மேல் அசையாமல் கிடந்தது, 2025 அக்டோபரில்தான் பெரிய அளவில் திருத்தினார்கள். போதாததற்குப் பில் பணம் தாமதமாக வருகிறது என்று நாடு முழுக்க ஆஸ்பத்திரிகள் புலம்புகின்றன. இந்த இழுபறியில் கார்டை நீட்டுகிறவனுடைய முகம் கவுண்டரில் உள்ளவனுக்குக் கடன்காரன் முகமாகத் தெரிகிறது.

ஒரு எல், இரண்டு எல்

இதை எழுதாமல் விட முடியாது, ஏனென்றால் இதில் என் கையும் இருக்கிறது.

அண்ணன் பெயரில் கார்டு வந்துவிட்டது, மைனிக்கு வரவில்லை. டிஸ்சார்ஜ் புக்கில் அவர் பெயரை ஆங்கிலத்தில் ஒரு 'எல்' போட்டு எழுதியிருந்தார்கள், ஆதாரில் இரண்டு 'எல்'. ஆதாரில் அப்பாவின் இனிஷியல், புக்கில் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். கம்ப்யூட்டருக்கு இவர்கள் இரண்டு வேறு பெண்கள்.

ராணுவப் பாரத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது சர்நேம்? காலியாக விடவும் முடியாது. அப்பா பெயரைத் தூக்கிப் பின்னால் போடுவோம், பெண்ணாக இருந்தால் கணவன் பெயர். மெட்ராஸ்காரன் பெயரையும் நெல்லைக்காரன் பெயரையும் உச்சரிக்கத் தெரியாத கிளார்க் காதில் விழுந்ததை அடிப்பான். நெல்லைக்காரனான நானே கூட்டமான நாளில் எத்தனை பேருக்கு எத்தனை 'எல்'லை விழுங்கியிருப்பேனோ. அன்றைக்கு அது ஒரு டைப்பிங் பிழை, இருபது வருஷம் கழித்து ஒரு பெண்ணுக்குத் தைராய்டு மாத்திரை கிடைக்காத காரணம்.

திருத்துவதற்கு நோட்டரியிடம் அபிடவிட், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் கடிதம், ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு மனு, அங்கிருந்து பணிப்பதிவைத் திருத்தும் பார்ட் டூ ஆர்டர், பிறகு பென்ஷன் ஆர்டரில் திருத்தம். மொத்தம் 7 மாதம். அது வரைக்கும் அவர் மாத்திரையைக் கடையில் வாங்கினார். பணியில் இருக்கும்போதே இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று லீவில் வரும் ஒவ்வொரு பையனிடமும் சொல்கிறேன். தலையாட்டிவிட்டு கேன்டீன் எப்போது திறக்கும் என்று கேட்கிறார்கள்.

தம்பி

தம்பிக்கு வலி வந்தது காலை 11 மணிக்கு, பைப் கட்டைத் தூக்கும்போது. வாய்வு என்று நினைத்து ஒரு பன்னீர் சோடா குடித்தார். மருந்துக் கடையில் சொன்னதும் ஒரு கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். சாயங்காலம் 5 மணிக்கு இடது கை மரத்துப் போன பிறகுதான் முதலாளி ஆட்டோவில் ஏற்றி ஹைகிரவுண்டுக்கு அனுப்பினார். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை இங்கே யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிதான். போனதும் இ.சி.ஜி., ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி. மறுநாள் ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். அந்த ஆறு மணி நேரத் தாமதத்தில் இதயத்தின் ஒரு பகுதி பலவீனப்பட்டுவிட்டது, அதை ஊசியால் மீட்க முடியவில்லை.

அட்மிஷன் சீட்டு எழுதும்போது ரத்த அழுத்தம் எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். தம்பிக்குத் தெரியவில்லை. 46 வயது வரைக்கும் அவர் கையில் யாரும் அழுத்தம் அளக்கும் அந்தப் பட்டையைக் கட்டியதே இல்லை.

அவருக்குத் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. இல்லை. பத்துப் பேர் வேலை செய்தால்தான் கடைக்கு இ.எஸ்.ஐ. வரும், அங்கே ஆறு பேர். இருந்திருந்தால் சம்பளத்தில் 0.75 சதவீதம் கொடுத்திருப்பார், முதலாளி 3.25 சதவீதம். படுத்திருந்த நாட்களுக்கு 70 சதவீதச் சம்பளம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைத்திருக்கும். ஆறுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் இரண்டு மாதச் சோறு போனது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் அன்றைக்குக் கையில் இல்லை. தம்பி மனைவி வார்டு வாசலிலிருந்து போன் செய்தாள்.

"மாமா, கார்டு எடுத்துட்டா ரூவா கட்ட வேண்டாம்னு சொல்லுதாவ. நெசந்தானா?"

நிஜம்தான். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று. அவள் ஒரு நாள் வி.ஏ.ஓ.விடமும் மறுநாள் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசிலுமாக அலைந்து வாங்கிவிட்டாள். தம்பியின் சம்பளம் மாதம் 14,000 என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டால் பெருக்கினால் என்ன வரும் என்றும் தெரியும். சான்றில் என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை. 1,20,000-க்குள் ஒரு குடும்பம் நடத்த முடியும் என்று வரம்பு வைத்தவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரி பில் பூஜ்யம். ஆனால் வீட்டில் கடன் 38,000. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மாதம் சம்பளம் இல்லை. கூட இருந்தவர்கள் சாப்பாடு, ஆட்டோ, பஸ். பத்து நாள் அவள் பீடி சுற்றவில்லை, அந்தக் கூலியும் போச்சு. கழுத்துச் செயினை அடகு வைத்திருக்கிறாள். எந்தக் காப்பீட்டு அட்டையிலும் இந்தக் கணக்குக்கு இடம் கிடையாது. அண்ணன் படுத்திருந்தபோதும் மைனிக்கு அலைச்சல் இருந்தது, ஆனால் ஒன்றாம் தேதி பென்ஷன் வந்துவிட்டது.

மேஜையில் ஒன்று, வெளியில் வேறு

ஆபரேஷன் மேஜையில் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நான் எதிர்பார்க்காதது இது. இருவருக்கும் வைத்தது மருந்து பூசிய ஸ்டென்ட்தான். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு அதற்கு 29,600 ரூபாய் என்று உச்சவிலை வைத்ததிலிருந்து அந்தச் சாமானில் ஏழை பணக்காரன் பேதம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஹைகிரவுண்டு டாக்டர்களின் கைத்திறமையை நான் எந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கும் குறைவாகச் சொல்ல மாட்டேன்.

வித்தியாசம் மேஜைக்கு வருவதற்கு முன்பும், இறங்கிய பிறகும் இருக்கிறது.

இறங்கிய பிறகு என்றால் மாத்திரை. முதலமைச்சர் காப்பீடு படுத்துச் செய்யும் சிகிச்சைக்கு. வெளிநோயாளியாக மாதா மாதம் விழுங்கும் மாத்திரைக்கு அட்டை உதவாது. அதற்கு அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, இலவசம்தான், ஆனால் போய் வாங்கி வந்தால் ஒரு நாள் கூலி போகும். ரத்த அழுத்த மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள், 2021-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தை மனதாரப் பாராட்டுவேன். ஸ்டென்ட் வைத்தவனுக்கு ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது. அதைத் தம்பி கடையில் வாங்குகிறார். 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகம் திறந்த பிறகு செலவு கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

அண்ணனுக்கு டாக்டர், ரத்தப் பரிசோதனை, எக்கோ, மாத்திரை எல்லாம் திட்டத்திலேயே அடக்கம். வருஷத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் இல்லை. சில மாதம் ஒரு மாத்திரை ஸ்டாக் இருக்காது. 'இல்லை' என்று முத்திரை குத்தித் தருவார்கள், வெளியில் வாங்கிப் பில் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். அந்தப் பணம் வருவதற்குள் பில்லில் உள்ள மை மங்கிவிடும், அதனால் நான் ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல்வேன்.

தம்பி தனியார் பாலிசி ஒன்று எடுக்கலாமா என்று கேட்டார். எடுக்கலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரைக்கும் காத்திருக்க வைப்பார்கள். முன்பு அது 48 மாதம், 2024 ஏப்ரலில் குறைத்தார்கள். பிரீமியம் எவ்வளவு என்று ஏஜெண்ட் சொன்னதும் தம்பி டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

மேஜைக்கு வருவதற்கு முன்பு என்றால் அந்தப் பட்டை. அண்ணன் கையில் பட்டாளம் வருஷா வருஷம் அதைக் கட்டியது. தம்பி கையில் யாரும் கட்டவில்லை. கட்ட இடமே இல்லாமல் இல்லை. தம்பி மனைவிக்குப் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறது, முக்கூடலில் மத்திய அரசின் பீடித் தொழிலாளர் மருத்துவமனை இருக்கிறது. குடும்பத்தோடு போகலாம். வீட்டிலிருந்து கால் மணி நேரம். அவள் கை வலிக்காகப் போயிருக்கிறாள். இவர் ஒரு நாளும் போனதில்லை, எதற்குப் போக வேண்டும் என்று தோன்றியதில்லை.

அண்ணன் கதையைக் கேட்டால் அதுவும் அப்படியே. 2018 வரைக்கும் உத்தரவு இருந்தது, மாத்திரை போட்டார். 2020-க்குப் பிறகு உரிமை மட்டும் இருந்தது, போடவில்லை. பட்டாளத்து மருத்துவத்தில் நாம் எல்லோரும் பொறாமைப்படுவது அந்தக் கார்டைப் பார்த்து. ஆனால் அவரை ஐந்து வருஷம் காப்பாற்றியது ஒரு சுபேதாரின் அதட்டல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கார்டுக்கு வெளியே

ஊரில் காக்கிச் சட்டையோடு வரும் எல்லோருமே மிலிட்டரிதான். சி.ஆர்.பி.எஃப். ஆளையும் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு இ.சி.எச்.எஸ். கிடையாது. ஏழு வருஷம் இருந்துவிட்டு வீட்டுச் சூழ்நிலையால் விலகி வந்த ஒருவர் என்னிடம் வந்தார். பென்ஷன் இல்லாததால் அவருக்கும் இல்லை. எல்லையில் எத்தனை குளிர்காலம் நின்றோம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், நான் பாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது அக்னிவீரர்கள். 2022 ஜூனில் அறிவித்த திட்டம். நான்கு வருஷம். அதற்குள் மருத்துவம் முழுக்க ராணுவமே பார்க்கும், 48 லட்ச ரூபாய்க்கு ஆயுள் காப்பீடும் உண்டு. நான்கு வருஷம் முடிந்தால் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். பென்ஷன் கிடையாது, இ.சி.எச்.எஸ். கிடையாது. பெரியப்பா கையிலிருக்கும் கார்டு அந்தப் பையன்களுக்கு வராது.

தம்பி மகன் அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருக்கிறான். 18 வயது. விடியற்காலையில் வாய்க்கால் கரையில் ஓடுகிறான். 1,600 மீட்டரை எத்தனை நிமிஷத்தில் முடிக்கிறான் என்பது தெருவுக்கே மனப்பாடம். கார்டு விஷயத்தை அவனிடம் சொன்னேன். "அதெல்லாம் அப்பொறம் பாக்கலாம் தாத்தா" என்றான்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். அண்ணன் சொந்தமாக ஒரு பி.பி. மெஷின் வாங்கியிருக்கிறார். ஞாயிறு காலை முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டு இரண்டு வீட்டுக்காரர்களையும் வரிசையாக உட்காரவைத்து அளக்கிறார். பழைய பழக்கம், நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுத் தேதி, பெயர், மேல் அளவு, கீழ் அளவு என்று கட்டம் கட்டி எழுதுகிறார். அம்மா, மைனி, தம்பி, தம்பி மனைவி எல்லோரும் முடிந்தார்கள். ஓடிவிட்டு வந்த பையனையும் பிடித்து உட்காரவைத்தார். பத்து நிமிஷம் சும்மா இருக்கச் சொல்லிவிட்டுப் பட்டையைக் கட்டினார். 138, 88. இன்னொரு முறை கட்டினார். 136, 88.

"நோட்டுல எழுதாதீங்க பெரியப்பா. மெடிக்கல் வருது."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, உள்ளே போய் ஒரு பென்சிலை எடுத்து வந்தார்.